தாழை வளைவில் அடிக்காத ஹாரன்

ஹாரன் மற்ற எல்லா இடத்திலும் அடித்தது. தாழம்புதர்கள் நெருங்கி நிற்கும் அந்த ஒரு வளைவில் மட்டும் அடிக்கவில்லை.

முட்டத்துப் பாறைகளுக்கு மேலே இருந்த விடுதியில் ஆன்ஸ்லின் பேட்டரி வண்டி ஓட்டினான். விருந்தாளிகளை அறையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வெள்ளை வண்டி. ஓடும்போது ஓசையே இருக்காது. நேற்று அந்த வளைவில் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் முன்னால் நடந்த பெரியவர் ஒதுங்கவில்லை, மயிரிழையில் தப்பினார். இருட்டுவதற்குள் சரியாகாவிட்டால் வண்டியைத் தொடவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வளைவிலேயே நிறுத்தி முன்மூடியைக் கழற்றினான். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த கம்பி முனைகளைத் தேய்த்து, பியூஸைப் பிடுங்கிப் பார்த்துத் திரும்பச் செருகி, எர்த் கம்பியை இறுக்கி, தாழம்பூ வாசமும் கீழே காயும் கருவாட்டின் வீச்சமும் மாறி மாறி முகத்தில் அடிக்க, பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தான். கரண்ட் ஒழுங்காக வந்தது. சத்தம் வரவில்லை.

டேப்பைக்கூட எடுக்காமல் மேலே ஓட்டினான். வளைவைத் தாண்டியதும் ஹாரன் அலறியது. வரவேற்பறை வாசலில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். உள்ளிருந்து அவன் மனைவி சிந்தியா ஓடிவந்தாள். அவளுக்கு அங்கேதான் வேலை.

"நிறுத்துங்க மனுசா! செவி கிழியுது."

டேப்பைப் பிய்த்தான். "கீழயும் இப்பிடித்தான் அழுத்தி வச்சிருந்தேன். கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கல. அங்க நல்ல அமைதியாக்கும். உக்காந்தா உலகமே இல்லாத மாதிரி இருக்குன்னு ஒரு அம்மா சொன்னாவ."

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"ஏட்டி, நீ போய் வளைவுல நில்லு. நான் அடிச்சிட்டே வாரேன். கேட்டா கையத் தூக்கு."

"ஒரு பீப்பிக்குப் புருசனும் பொண்டாட்டியும் வேணுமாக்கும்!"

"சிரிச்சது போதும். போ."

"இடிச்சிராதிய. எங்கம்மைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

செருப்பைத் தேய்த்துத் தேய்த்து இறங்கினாள். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போய், சட்டென்று நின்றது. வளைவுக்குப் போய் நின்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பொத்தானிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஹாரன் பாறைகளில் மோதித் திரும்பி வந்தது, கீழே அலைகள் இரைந்தன, தென்னைகளில் காக்கைகள் கலைந்து கத்தின, பின்னிருக்கையில் ஒரு ஸ்பானர் கடகடவென்று உருண்டது.

வளைவு வந்தது.

ஹாரன் நின்றது. ஸ்பானரும். காக்கைகளும். கடலும்.

வழி நடுவில் சிந்தியா நின்றாள். முதுகைக் காட்டியபடி. கை தூக்கவில்லை.

பிரேக்கை மிதித்து இறங்கினான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தொண்டை வலித்தது. தன் குரலே காதில் விழவில்லை. இன்னும் உரக்க. ஒன்றுமில்லை.

ஓடினான். காலடி கேட்கவில்லை.

தோளைப் பிடித்துத் திருப்பினான். அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, புதரைப் பார்த்தன. வாய் திறந்திருந்தது. உதட்டோரம் கிழிந்து இரத்தம். கழுத்தில் கை வைத்தான். நரம்புகள் புடைத்து அதிர்ந்தன.

கத்திக்கொண்டிருந்தாள். வந்து நின்றதிலிருந்து.

அவளை இழுத்தான். அசையவில்லை. அவள் பார்த்த பக்கம் திரும்பினான்.

தாழை மடல்களின் முள் வரிசைக்குப் பின்னால், கடைசி வெளிச்சத்தில், தொண்டைகள். முகங்கள் தெரியவில்லை. அண்ணாந்த தொண்டைகள் மட்டும், பக்கத்தில் பக்கத்தில், புதர் நீளும் தூரம்வரை.

அவள் கத்தக் கத்த, அவை ஏறி இறங்கின. தாகத்தோடு. நிதானமாக.