முந்நூறாவது நாவலின் முடிவு

காலை 10.20.

உறையின் ஓரத்தைக் கத்தரித்து உள்ளே இருந்த தாள்களை வெளியே இழுத்தார் அக்கா. முதல் தாள் வெள்ளை. புரட்டினார். அடுத்ததும் வெள்ளை. இருபத்திரண்டு தாள்களையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தார். ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பதிப்பாளர் சிரித்தார். திகில் கதை எழுதுகிறவர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னக்கா இது?"

"நான் உள்ள வச்சது இது இல்ல."

முப்பத்தெட்டு வருடங்களில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நாவல்கள். பாதி காதல், பாதி திகில். பதிப்பாளர் முதல் முகம் தெரியாத வாசகர்கள் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். ஆனால் கூடப் பிறந்த தங்கை என்று அவருக்கு இருந்தது ஒருத்திதான். அவள்தான் இத்தனை நாவல்களையும் டைப் அடித்தவள்.

அக்காவின் வழக்கம் ஊரறிந்தது. கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதுவார். உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டுப் பீரோவில் பூட்டுவார். சாவி கழுத்துச் சங்கிலியில் தொங்கும். மற்ற அத்தியாயங்கள் முடிந்த பிறகு பதிப்பாளர் முன்னிலையில்தான் உறையைப் பிரிப்பார். இன்றும் அப்படித்தான் நடந்தது. பிரிப்பதற்கு முன் பதிப்பாளர் கையெழுத்தை உற்றுப் பார்த்து, "அப்படியே இருக்கு" என்றுகூடச் சொன்னார்.

"அட்டை அச்சாயிடுச்சு. விளம்பரம் வந்தாச்சு. முடிவு வெளிய கசிஞ்சா மானம் போயிடும்க்கா" என்று போனை எடுத்தார்.

"போலீஸ் எல்லாம் வேண்டாம்."

அக்கா சொல்லி முடிப்பதற்குள் அவர் பேசியே விட்டார்.

காலை 11.05.

இன்ஸ்பெக்டர் அறைக்குள் நுழைந்ததும் தும்மினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. சுவர் முழுக்க அடுக்கியிருந்த புத்தகங்களின் தூசு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க நாவல் படிச்சிருக்கேன். கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிட்டு மூடி வச்சிடுவேன். தொழில் புத்தி."

ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். பீரோப் பூட்டில் ஒரு கீறலும் இல்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"எப்ப எழுதினீங்க?"

"மூணு மாசம் முன்னாடி. எப்பவும் ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன். இதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு."

"ஏன்?"

அக்கா வலது உள்ளங்கையைக் காட்டினார். புதுத்தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. "வெந்நீர் கொட்டிடுச்சு. கட்டோடதான் எழுதினேன். கோழி கிளறின மாதிரி இருந்துச்சு."

"கை ஆறட்டும்னு இருந்திருக்கலாமே?"

"இருந்திருந்தா எழுதியே இருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு கணம் கூர்ந்து பார்த்துவிட்டுக் குறிப்பேட்டுக்குத் திரும்பினார்.

"சாவி?"

"கழுத்தை விட்டு இறங்கினதே இல்ல."

"சரி, முடிவுல குற்றவாளி யாரு?"

இத்தனை நாவல்களில் அக்கா எத்தனையோ குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். இந்த ஒரு குற்றவாளியின் பெயர் மட்டும் வாயில் வர மறுத்தது.

"கதாசிரியர்கிட்டே போய் அதைக் கேக்கலாமா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கூடத்தில் தங்கை டைப் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. யார் படித்திருந்தாலும் சரி, தான் கொடுக்கும் முன் அவள் மட்டும் படித்திருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது.

காலை 11.40.

அடுத்து மகன். தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறவர்களோடு அம்மாவுக்காகப் பேசுகிறவன் அவன்தான்.

"முடிவைக் கேட்டீங்களாமே?"

"ரெண்டு தடவை கேட்டேன். அம்மா மசியல. அதுக்காக நான் எடுப்பேனா? எடுக்கறதா இருந்தா பீரோவை உடைச்சிருப்பேன் மேடம். இவ்வளவு நேக்கா செய்ய எனக்கு வராது."

இன்ஸ்பெக்டர் அதை மறுக்கவில்லை.

பகல் 12.10.

கூடத்தின் மூலையில் தங்கையின் மேசை. கணினிக்குப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள் ஒரு கட்டு, அக்கா பெயரில் போகவேண்டிய பதில்கள் ஒரு கட்டு. அதன்மேல், விலாசதாரர் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்த ஒரு கடிதம்.

"எல்லாருக்கும் பதில் போடுவீங்களா?"

"மாசம் நூறாவது போகும். ஒண்ணு விட்டாலும் வாசகருங்களுக்கு மனசு ஆறாது" என்றாள் தங்கை. ஐம்பத்தெட்டு வயதுக்கு நிமிர்ந்த முதுகு. கேட்டதற்கு மட்டும் பதில்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்த கடிதத்தைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். தும்மினார்.

"இதை நான் எடுத்துக்கறேன்."

பகல் 12.45.

எல்லாரும் எழுதும் அறையில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் உறையை மேசைமேல் வைத்தார்.

"இது யார் கையெழுத்துங்க?"

"என்னோடது" என்றார் அக்கா.

பக்கத்தில் கடிதத்தை வைத்தார். "இது?"

"அதுவும்..." அக்கா நிறுத்திக்கொண்டார். வாசகர் கடிதங்களில் அவர் பேனா வைத்துப் பல காலம் ஆகிவிட்டது; அவருடைய கையெழுத்தையும் தங்கையே போட்டு அனுப்புவாள்.

"இந்தக் கடிதம் உங்க கையில கட்டு இருந்த வாரத்துல எழுதினது. உறையும் அப்ப ஒட்டினதுதான். அந்தக் கை கோழி கிளறின மாதிரி எழுதுச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப உறைமேல மட்டும் எப்படி முத்து முத்தா வரும்? எல்லாரும் கையெழுத்து கலைஞ்சிருக்கான்னு பார்த்தீங்க. அது ரொம்ப நல்லா இருக்கேன்னு யாரும் யோசிக்கல. உறையை யாரும் பிரிக்கல. உறையே வேற."

"அப்ப சாவி?" என்றார் பதிப்பாளர்.

"கழுத்தை விட்டு இறங்கினதில்லன்னாங்க. கையில கட்டோட இருந்தவங்களைக் குளிக்க வச்சது யாரு? சங்கிலியைக் கழட்டி வச்சது யாரு?"

எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் தங்கை.

"அப்பாடா! கொடும்மா, அச்சுக்குப் போகணும்" என்று கையை நீட்டினார் பதிப்பாளர்.

"தரமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் நான் வந்தேன். உள்ள என்ன எழுதியிருந்ததுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். புகார் வேணுமா வேண்டாமான்னு இவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும்" என்று மற்ற இருவரையும் வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

அக்கா நாற்காலியில் சரிந்தார்.

"படிச்சிட்டியா?"

"மூணு மாசத்துக்கு முன்னாடியே."

"அப்ப... உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அதுக்கு முந்தியே தெரியும்."

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் அக்காவின் முதல் காதல் நாவலைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். காதலித்து அறியாதவள் எழுதிய காதல் என்று ஒருவர் குறிப்பே எழுதியிருந்தார். அந்த மாதம்தான் தங்கைக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. கப்பல் வேலைக்குப் போயிருந்த ஒருவர் எழுதியவை. முதல் கடிதத்தை அக்கா வாங்கிப் பிரித்தார். தங்கைக்குக் கொடுக்கவில்லை. பிறகு வந்த ஆறையும் கொடுக்கவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஏழாவதில் எழுதிவிட்டு அவர் ஓய்ந்துபோனார். கடிதங்கள் வரிக்கு வரி நாவலுக்குள் போயின. அந்த நாவல்தான் அக்காவைத் தூக்கிவிட்டது.

"என்னை அவசரக்குடுக்கைன்னு கூப்பிட்டவர் உலகத்துல ஒருத்தர்தான்" என்றாள் தங்கை. "அந்த வார்த்தை உன் நாவல்ல வந்துச்சு. நான்தானே டைப் அடிச்சேன். டைப் அடிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு."

"கேட்டிருக்கலாமே! என்னைத் திட்டியிருக்கலாமே!"

"அவர் எந்தக் கப்பல்ல, எந்தக் கரையில இருந்தாரோ! அப்புறம் அடுத்த நாவல் வந்துச்சு. அதுலயும் அவர் இருந்தார். பேரு வேற, தொழில் வேற. ஆனா அவரேதான். அவரைப் பார்க்கவே அடிச்சேன். இருநூத்தித் தொண்ணூத்தொம்பதுல பாதியில வந்தார்."

அக்காவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அதனாலதான் இந்தத் தடவை எல்லாத்தையும் எழுதினேன். குற்றவாளி நான்தான்னு என் பேரைப் போட்டே எழுதினேன்."

"அதோட விட்டியா? கடைசிப் பக்கத்துல தங்கச்சி அக்காவைக் கட்டிப் பிடிச்சு அழறா. மன்னிச்சிடறா." தங்கையின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "மன்னிக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவே பண்ணலக்கா. நீ அதையும் எழுதி அச்சடிச்சிட்டா ஊரே நம்பிடும். என் கடுதாசியை எழுதிக்கிட்டே. என் மன்னிப்பையும் நீயே எழுதிக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

வெளியே பதிப்பாளர் யாரோடோ போனில் பேசுவது கேட்டது.

"மூணு மாசம் காத்திருந்தேன். நீயா வந்து வாயைத் திறந்து சொல்லுவியான்னு. தினம் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"தைரியம் வரல."

"கடுதாசிங்க இருக்கா?"

"நாவல் அச்சாகி வந்த அன்னைக்கே எரிச்சிட்டேன்."

"போகட்டும். எனக்கு மனப்பாடம்" என்றாள் தங்கை.

அக்கா எழுந்து கதவைத் திறந்தார். இன்ஸ்பெக்டரிடம் புகார் இல்லை என்றார். பதிப்பாளரிடம் முந்நூறாவது நாவல் வராது என்றார்.

"வேற முடிவு எழுதிக் கொடுங்கக்கா! ரெண்டு நாள்ல எழுத முடியாதா உங்களால?"

"முடிவு என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, கை பழக்கத்தில் பேனாவை எடுத்தார்.

"எழுதாதே. சொல்லு" என்றாள் தங்கை.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நல்ல மழை. தெருவெல்லாம்..."

"மழையெல்லாம் இல்ல. வெயில். நடந்ததைச் சொல்லு."

அக்கா கண்களை மூடித் திறந்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"தபால்காரர் வந்தார். நீ உள்ள குளிச்சிட்டு இருந்தே. உன் பேரைச் சொன்னார். நான்தான்னு சொல்லிக் கையை நீட்டினேன்."