மூடி வைத்த தண்ணீர்

இறைச்சிக் கடைகளுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு நானும் என் மகளும் குடிவந்தபோது எங்களை வரவேற்றது நாற்றம்தான். கொல்லைச் சுவரை ஒட்டிக் குடலும் தோலும் குவிந்து கிடந்தன. சுற்றிலும் நாய்க் கூட்டம். கடைக்காரரே பாதித் தெருவுக்கு வீட்டுக்காரர் என்பதால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது?

"நாய்ப் பக்கம் போனே, தோலை உரிச்சிடுவேன்," என்று மகளை மிரட்டி வைத்தேன். என் வாய் அப்படி.

ஒரு மத்தியானம் அடுப்படிக்குப் போனால், தண்ணீர்க் குடத்தின் மேல் பழைய போர்வை. எடுத்து மடித்து வைத்தேன். குளியலறைக்குப் போனால் வாளியின் மேல் என் புடவை.

"விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குடி!" என்று கத்தினேன். மகள் தூக்கம் கலைந்து எழுந்து மலங்க மலங்க விழித்தாள்.

அதுவரை அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டில் துணி தைக்கும் அக்காவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டார். குரலும் இறங்கிவிட்டது.

"உனக்கு முன்னாடி அங்க இருந்தவளோட புள்ளைய நாய்க்குட்டி கடிச்சிடுச்சு. குட்டிதானேன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. இழுத்து விடப்போன அவ கையிலயும் பல்லு பட்டிருக்கு, யாருகிட்டயும் சொல்லல. கடைசியில அந்தப் புள்ளைக்குத் தண்ணியப் பாத்தாலே தொண்டை இறுகிக்கும், துடிச்சுப் போயிடும். அது கண்ணுல படக்கூடாதுன்னு வீட்டுல இருக்கற தண்ணியெல்லாம் துணி போட்டு மூடி வெப்பா. புள்ள போச்சு. அதே நோவுல அவளும் போயிட்டா."

எனக்குப் பயம் வந்தது. செத்தவளை நினைத்து அல்ல.

இப்போது யாருக்காக மூடுகிறாள்?

ஓடினேன்.

மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குடம், வாளி, அவள் குடிக்கும் டம்ளர், எல்லாவற்றின் மேலும் துணி.

"உன்னை நாய் கடிச்சுதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. யாரும் இல்லாத மூலையைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?" என்று அந்த மூலையிடம் கேட்டாள்.

பிறகு பாவாடையை விலக்கினாள். கெண்டைக்காலில் பல் கீறிய தடம். "நேத்துதாம்மா. நீதான் தோலை உரிப்பேன்னியே."

என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவருவது வழியெல்லாம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

நர்ஸ் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் காயத்தை நெடுநேரம் கழுவினாள். "நல்லவேளை, நாள் கடத்தாம வந்தீங்க. ஊசியை ஒண்ணு விடாம போட்டுட்டா பயமில்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நர்ஸ் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள்.

"அங்க நிக்கறவங்க உங்க சொந்தமா? ஏம்மா, கையில ரத்தம் வருது பாருங்க. உள்ள வாங்க, கழுவிடலாம்."

திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை.

"அவங்க வர மாட்டாங்க," என்றாள் என் மகள், வெகு சாதாரணமாக. "முதல்ல குழாயை மூடுங்க."