களைக்கு நிறுத்திய உரம்

காத்தாயியின் உடம்பு பாதியாகக் குறைந்திருந்தது. கட்டிலின் கயிறு மட்டும் முன்பைவிடத் தொய்ந்து கிடந்தது. விரிப்பை மாற்ற மனைவியைத் தூக்கியபோதுதான் முத்துவேல் அதைக் கண்டார். கைகளில் அவள் வெறும் கொழுந்துக் கூடையின் கனம்தான். திரும்பக் கிடத்தியதும் கட்டில் முனகிக்கொண்டே தரையைத் தொடுமளவு இறங்கியது.

வெளியே மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, ஈர மண்ணும் தேயிலைத் தொழிற்சாலைப் புகையும் கலந்த வாடையாக லைன் வீட்டுக் கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. டிக். டிக். நகம் கொழுந்து கிள்ளும் சத்தம். ஏழாம் நம்பர் மலையில் ஆட்கள் நிற்கிறார்கள் போல என்று நினைத்தார்.

இன்று எஸ்டேட் லீவு.

காத்தாயியின் வயிற்றில் புற்றுக்கட்டி என்று தெரிந்த அன்று நர்ஸ் தபித்தாள் சொன்னாள்: "ஒவ்வொரு செல்லும் ரெண்டாகறதுக்கு முன்னால தன்னோட டிஎன்ஏவ முழுசா நகலெடுக்குமுங்க. அதுக்குச் சத்து வேணும்." முப்பது வருடம் களை வெட்டியவருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. உரத்தை நிறுத்தினால் களை படுத்துவிடும். அன்றிலிருந்து காத்தாயிக்கு வெறும் தேத்தண்ணிதான்.

"நான் பட்டினி கெடக்க, எம் பங்கையும் தின்னு நீங்க மினுமினுன்னு ஆயிட்டீங்க," என்று முதல் வாரம் சிரித்தாள். இரண்டாம் வாரம், "கொஞ்சம் கஞ்சித்தண்ணி தாங்களேன்," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாளு, புள்ள. அது காஞ்சிரும்." சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

மூன்றாம் வாரம் அவள் கேட்கவில்லை.

சற்றுமுன் எட்டிப்பார்த்த தபித்தாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்னங்கண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க! சத்து இல்லீனா நல்ல செல்லுதான் நகலெடுக்கறத நிறுத்திட்டுக் காத்திருக்கும். இந்தக் கட்டி செல்லு நிக்காதுங்க. அவசர அவசரமா, தப்புந்தவறுமா எடுத்துட்டே போகும். வேணுங்கறத அக்கா உடம்பையே கரைச்சு எடுத்துக்கும்." ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எஸ்டேட் ஜீப்புக்குச் சொல்ல ஓடினாள்.

உரம் போடாத மலையில் முதலில் மஞ்சளாவது தேயிலைதான். களை பச்சையாகவே நிற்கும். அது அவருக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும்.

கவிழ்த்த சட்டியை எடுத்துக் கஞ்சி காய்ச்சினார். அரிசி குழைவதற்குள் சத்தம் கூடியது. டிக் டிக் டிக். வெளியே அல்ல. அறைக்குள். கம்பளிக்கு அடியில். ஒரு கை அல்ல. நூறு கைகள்.

"காத்தாயி. கஞ்சி கொண்டாந்திருக்கேன். வாயத் தொற, புள்ள. உப்புப் போட்டிருக்கேன்."

உதடு அசையவில்லை. கண் திறந்தே இருந்தது. கன்னத்தைத் தொட்டார். பனியின் குளிர்.

சத்தம் நின்றது.

கரண்டியிலிருந்து ஆவி எழுந்தது. அவள் வயிற்றின்மேல் மேடாயிருந்த கம்பளி மெல்ல உயர்ந்தது. கஞ்சியின் பக்கம் திரும்பியது. காத்திருந்தது.