காது திரும்பிய பக்கம்

உடற்கூறு கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது காலை வெயில் கண்ணாடி ஜாடிகள் மேல் விழுந்திருந்தது. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவள் தற்காலிக ஆசிரியை. இன்றைய வகுப்பைத் துறைத்தலைவரே பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேசையில் மண்டை ஓடு திறக்கப்பட்ட நாயின் தலை. மூளையை மெல்லத் தூக்கி, அடியிலிருந்து கிளம்பும் நரம்புகளை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். அவற்றின் அடித்துண்டுகள் மூளையோடு ஒட்டியிருந்தால்தான் எது எங்கே போகிறதென்று மாணவர்களுக்குக் காட்ட முடியும். பதற்றத்தில் கத்தியை மூளையை ஒட்டியே இழுத்துவிட்டாள். ஒரு நரம்பும் மிஞ்சவில்லை.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" கூடத்து உதவியாளர் வாளியோடு வந்தார்.

"மூளையை மொட்டையடிச்சுட்டேன் அண்ணே."

மேல் தட்டில் ஒரு பழைய ஜாடி இருந்தது. உள்ளே, நரம்புகள் வேர் வேராகத் தொங்கும் ஒரு மூளை. அவள் கை தானாக நீண்டது.

"ஐயோ, அது வேணாம். நம்ம துறைத்தலைவர் சார் வீட்டு நாயோடது. செத்தப்போ அவரே வெட்டி எடுத்தாரு. அதுக்கப்புறம் அந்தத் தட்டு பக்கமே போக மாட்டாரு."

"வகுப்பு முடிஞ்சதும் வச்சிடறேன் அண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

அளவெடுத்துச் செய்ததுபோல் அது அந்த மண்டைக்குள் உட்கார்ந்தது.

மாணவர்கள் மேசையைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் தாழ்ந்த குரலில் பாடத்தைத் தொடங்கினாள்.

"எட்டாவது நரம்பு சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகும். காதை அசைக்கிறது ஏழாவது. நாம கூப்பிட்டா நாய் காதைத் திருப்புதுல்ல, அதுக்கு ரெண்டுமே வேணும்."

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றார் துறைத்தலைவர் பின்வரிசையிலிருந்து.

நாயின் இடது காது அவர் பக்கம் திரும்பியது.

மருந்தில் ஊறி மரக்கட்டையாய் விறைத்த காது.

"மேடம், கீழ மோட்டார் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

துறைத்தலைவர் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்த மூளைம்மா அது?"

மறு காதும் திரும்பியது.

"அந்த... மேல் தட்டு ஜாடி, சார்."

அவர் மேசைக்கு வரவில்லை. சுவரை ஒட்டியே நகர்ந்து வாசலை அடைந்தார். சாவிக்கொத்தை அருகிலிருந்த ஸ்டூலில் வைத்தார்.

"வேலை உனக்குத்தான். இனிமே இந்தக் கூடம் உன் பொறுப்பு. நான் உள்ள வர மாட்டேன்," என்று கிசுகிசுத்தார், உள்ளே யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல்.

மாணவர்கள் போனபின் மூளையை ஜாடிக்குள் இறக்கி மூடியை இறுக்கினாள். ஜன்னல் வழியே அவர் முற்றத்தைக் கடந்து விறுவிறுவென்று போவது தெரிந்தது.

ஜாடியில் ஏதோ உரசியது.

மூளை சுழன்றுகொண்டிருந்தது. மோப்பத்துக்கான முன்முனையைக் கண்ணாடியில் அழுத்தியபடி, அவர் போகும் திசையிலேயே, மெதுவாக.

அவர் வெளிவாசலைத் தாண்டி மறைந்தார்.

அது நின்றது.

பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.