முன்கதவு உறைந்த வீடு

தூங்கப் போகும்போது ஓவியாவின் தலை விரிந்துதான் கிடந்தது. காலையில் பின்னியிருந்தது.

மாளவிகா அறைவாசலிலேயே நின்றுவிட்டாள். ஐந்து வயதுத் தங்கைக்குப் பின்னல் போடும் அளவுக்கு முடியே கிடையாது. அம்மா இருந்தபோதுகூட இரண்டு கிளிப் குத்தித்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாள். இப்போது நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு இழை தப்பாமல் வாரி இழுத்து, எலிவால் மாதிரி ஒன்றை இறுக்கிப் பின்னியிருந்தது. அந்த இறுக்கத்தில் புருவங்கள் மேலேறி, தூங்கும் முகம் எதையோ பார்த்துத் திகைத்ததுபோல இருந்தது. எண்ணெயும் வைத்திருந்தது. வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெய் இல்லை. பல நாள் சுருட்டிக் கிடந்த சாக்கை விரித்தால் வருமே, அந்த ஈர நெடி. தொட்ட விரல் சில்லிட்டது.

கீழே அப்பா லேப்டாப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஓவிக்கு நீங்க தல பின்னி விட்டீங்களா?"

"நானா? எனக்கு ரப்பர் பேண்டு போடவே தெரியாது. போன தடவ போட்டத கத்திரிக்கோல் வெச்சு எடுத்தோம், மறந்துட்டியா?"

"அப்ப யாரு போட்டது?"

"நீதான் அரைத் தூக்கத்துல போட்டிருப்ப. இந்த ஸ்னோல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கு? போன வெள்ளிக்கிழம நான் ஷேவ் பண்ணிட்டேன்னு நெனச்சு மீட்டிங்ல கேமரா ஆன் பண்ணிட்டேன்."

சிரித்துக்கொண்டே கராஜ் பக்கம் போனார். மாளவிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அப்பா சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் சரியாக நினைவில் நிற்காமல் போய்ப் பல நாளாகியிருந்தது.

அம்மா டிசம்பர் முதல் வாரம் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போனாள். மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவளின் இன்டர்வியூ ஜனவரிக்குத் தள்ளிப்போனது, அங்கிருந்து பிப்ரவரிக்கு. அவள் போன மறுநாள் இங்கே அவர்கள் ஊரான ஐசலினில் விழுந்த பனி இன்னும் தரையை விட்டுப் போகவில்லை; அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று ஏறி, தெருவோரத்தில் கார்ப்புகை படிந்து கறுத்த மதில்களாக நின்றது. நாள் முழுக்க ஒரே சாம்பல் வெளிச்சம். ஹீட்டர் சுவருக்குள் டொக் டொக்கென்று தட்டும், நின்றுவிடும், மறுபடி தட்டும். சோபாவில் மடிக்காத துணி, சிங்கில் ஊறிக் கழுவாத பாத்திரம், வாங்கி இரண்டு நாள்கூட ஆகாமல் திரிந்துபோகும் பால். பிப்ரவரி லீவு வாரம் என்பதால் ஸ்கூலும் இல்லை. எழுந்தால் ஜன்னலில் வெள்ளை. படுக்கும்போதும் வெள்ளை. கண்ணை மூடினால் உள்ளேயும் அதே வெள்ளை.

ஜனவரி புயலில் கூரைப் பனி மொத்தமும் சரிந்து முன்வாசல் படியை மூடியது. பகலில் கொஞ்சம் உருகி இரவில் இறுகி, முன்கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. "மார்ச்ல தானா கரையும். அதுவரைக்கும் கராஜ் வழியா போய்க்கலாம்" என்று அப்பா விட்டுவிட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஓவியாவின் தூக்கம்தான் மாளவிகாவை உறுத்தியது.

முதலில் எட்டு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவள் பத்துக்கு எழுந்தாள். பிறகு பன்னிரண்டு. அந்தத் திங்கட்கிழமை, பின்னலோடு, மதியம் இரண்டரைக்கு எழுந்து இரண்டு வாய் தயிர்சாதம் தின்று, தட்டுக்குப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்தாள். சேதி கேட்டு அப்பா ஆபீஸிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தார். காய்ச்சல் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம், குளிர்காலத்தில் குழந்தைகள் மந்தமாகத்தான் இருப்பார்கள், வைட்டமின் டி கொடுங்கள் என்றார்களாம்.

நாலு வீடு தள்ளியிருக்கும் தோழி அதிதிக்கு மாளவிகா எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். அதிதியிடமிருந்து வந்த பதில்: "உங்க வீட்டுப் பேய் ஃப்ரீயா ஹேர் ஸ்டைல் பண்ணுதா? எனக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடு."

மாளவிகா அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் சமையலறை மாடத்தில் விளக்கு மட்டும் தவறாமல் ஏற்றினாள். அம்மா கிளம்பிய அன்று பெட்டியைப் பூட்டிக்கொண்டே அடுக்கிய உத்தரவுகளில் அதுவும் ஒன்று. "ஆறு மணிக்கு விளக்கு ஏத்து. ஏத்தும்போது கதவ ரெண்டு நிமிஷம் தொறந்து வை. லக்ஷ்மி உள்ள வரணும்ல?" எந்தக் கதவு என்று அம்மா சொல்லவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. முன்கதவு உறைந்தபிறகு மாளவிகாவும் யோசிக்கவில்லை. கதவென்றால் கதவு. சமையலறையிலிருந்து பின்பக்க மரத்தளமான டெக்குக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவைத் தினமும் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் ஓடை, அதன் கரையில் இலையில்லாத மரங்கள். வாடைக்காற்று உள்ளே வந்து திரியை நாக்கால் தடவுவதுபோல் தடவும். சுடர் தாழ்ந்து, நீலமாகி, அணையும். ஒவ்வொரு நாளும் அணைந்தது. அணைந்ததும் கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஏற்றுவாள். அந்த இருட்டு நொடியில் பனியின் வாசனையோடு வேறொன்றும் வரும்: ஈரச் சாக்கின் நெடி. ஓடையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமையும் அப்பா வேலைக்குப் போனார். ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்கில் காண்ட்ராக்ட் வேலை. அந்த வாரம் நேரில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று மாலை ஆரம்பித்த பனி நிற்கவில்லை. ரயில் நின்றது. அங்கேயே ஜர்னல் ஸ்குவேரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கிவிட்டதாக அப்பா போன் செய்தார்.

"அதிதி வீட்டுக்குப் போயிடறியா?"

"இல்லப்பா, ஓவி தூங்கறா."

"சரி, கதவெல்லாம் பூட்டிக்கோ. சும்மா சும்மா 911 போட்டு போலீஸெல்லாம் கூப்பிட்டுடாத. பெரியவங்க இல்லாம குழந்தைங்கள விட்டிருக்கோம்னு கேஸாயிடும். அம்மா வர்ற நேரத்துல அதெல்லாம் வேண்டாம்."

வியாழக்கிழமையும் ரயில் ஓடவில்லை. காலையில் மாளவிகா கராஜ் கதவின் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமியது, கதவு நடுங்கியது, ஏறவில்லை. வெளியே இரண்டடிப் பனி அதன் காலைப் பிடித்து வைத்திருந்தது.

ஓவியாவும் எழுந்திருக்கவில்லை.

தூக்கிவந்து கீழே சோபாவில் போட்டாள். டிவியை அலற வைத்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாள். நாலு மணிவாக்கில் ஒரு கண் மட்டும் பாதி திறந்தது.

"ஓவி! எழுந்திருடி. சாப்பிடணும்ல?"

"லெட் மீ ஸ்லீப், அக்கா. ஆன்டி செட் ஐ கேன்."

"எந்த ஆன்டி?"

"பேக் டோர் ஆன்டி. ஷி கம்ஸ் வென் யூ ஓபன்."

கண் மூடிக்கொண்டது. மாளவிகா உலுக்கினாள். தலை ஆடியது. உலுக்கினாள். ஓவியாவின் மூச்சு நீளமாக, மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் யாரோ யோசித்துவிட்டு அனுமதிப்பதுபோல வந்தது.

ஐந்தேகால். வெளியே சாம்பல் கறுக்கத் தொடங்கியது. விளக்கைச் சீக்கிரமே ஏற்றிவிட்டால் தேவலை என்று தோன்றியது. தீப்பெட்டியை எடுத்தபோது அம்மாவின் வீடியோ கால் வந்தது. சென்னையில் அப்போது விடிகாலை மூன்றே முக்கால்.

"மாளு! பாஸ்போர்ட் வந்துடுச்சுடி! சனிக்கிழம ஃப்ளைட். சந்தோஷத்துல தூக்கமே வரல எனக்கு."

மாளவிகா போனை விளக்கு மாடத்தில் சாய்த்து வைத்தாள். இரண்டு நாள். இன்னும் இரண்டே நாள் ஓவியாவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

"எங்க அவ, சின்னது?"

"தூங்கறாம்மா. நாள் பூரா தூங்கறா. எழுப்பவே முடியல."

"விளக்கு வெக்கற நேரத்துல என்னடி தூக்கம்? எழுப்பு."

மாளவிகா திரியைப் பற்றவைத்தாள். பழக்கத்தில் கை பின்கதவுக்குப் போனது. ஒரு சாண் தள்ளினாள்.

"அந்தக் கதவ ஏன் தொறக்கற?"

"நீதானேம்மா சொன்ன? விளக்கு ஏத்தும்போது தொறக்கணும்னு."

"வாசக்கதவடி. வாசக்கதவத் தொறக்கணும். பின்கதவ சாத்தி வெக்கணும்."

"அது ஐஸ்ல ஒட்டிக்கிச்சும்மா. தொறக்க வராது."

அம்மாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை. அம்மாவின் இமை அசைந்தது.

"எத்தன நாளா?"

"ஜனவரிலேர்ந்து. என்னம்மா?"

"தினமுமா?"

"தினமும்தான்."

விளக்கு தாழ்ந்தது. நீலமானது. அணைந்தது.

"மாளு." அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "பின்கதவ சாத்து. இப்பவே."

சாத்தினாள். பூட்டினாள். கண்ணாடிக்கு வெளியே டெக்கின் பனி ஒரு சுவடும் இல்லாமல் மழமழவென்று கிடந்தது. பூட்டிய பிறகுதான் தோன்றியது. வெளியே இருப்பதற்குத்தான் கதவைப் பூட்ட வேண்டும்; உள்ளே வந்துவிட்டதற்கு இல்லை.

"அம்மா, யாரும்மா அது?"

"முன்னால வர்றவ லக்ஷ்மி, பின்னால வர்றவ அவளுக்கு மூத்தவ. இந்த நேரத்துல பேர் சொல்ல வேண்டாம். நீ போய் வாசக்கதவத் தொற. எப்படியாவது தொற. தொறந்துட்டு ஓவியாவத் தூக்கிட்டு அதிதி வீட்டுக்கு ஓடு."

முன்கதவு, சமையலறையோடு சேர்ந்த கூடத்தின் மறுகோடியில். போனை மாடத்திலேயே விட்டு ஓடிப்போய் மாளவிகா தோளால் மோதினாள். மறுபடி. கெட்டிலில் இருந்த வெந்நீரை எடுத்துவந்து சட்டத்தில் ஊற்றினாள். மோதினாள். எங்கோ பனி முறிந்தது. ஒரு விரல் நுழையும் இடைவெளி. கத்தி மாதிரி குளிர் உள்ளே வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

மேலே, மாடியில், ஹீட்டர் தட்டியது. டொக். டொக்.

ஹீட்டர் இல்லை. அது படி. ஒரு படி. அடுத்த படி. அவசரமே இல்லாத, கனமான, வெறுங்கால்.

"அம்மா, யாரோ எறங்கி வர்றாங்க."

"திரும்பிப் பாக்காத. கதவ மோது."

மோதினாள். கை வலிக்கவில்லை. அதுதான் விசித்திரமாக இருந்தது. தோள் வலிக்கவில்லை, கால் வலிக்கவில்லை. உடம்பு கதகதவென்று, மழைநாளில் போர்வைக்குள் இருப்பதுபோல. இத்தனை நாள் அலுப்பும் மொத்தமாக இறங்கி முட்டியில் உட்கார்ந்தது. ஒரு நிமிடம். கதவில் சாய்ந்து ஒரே ஒரு நிமிடம்.

"மாளு! குரல் கொடு! என்ன பண்ற?"

"தூக்கம் வருதும்மா."

"தூங்காத! தூங்காதடி, கண்ணு! பேசிட்டே இரு. எண்ணு. ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் சத்தமா எண்ணு. நான் வேற போன்லேர்ந்து அதிதி அம்மாவக் கூப்பிடறேன். எண்ணு!"

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

கதவில் முதுகை வைத்துச் சரிந்து உட்கார்ந்தாள். கூடம் முழுக்க ஈரச் சாக்கு. சோபாவின் ஒரு முனை தாழ்ந்தது. யாரோ உட்கார்ந்தால் தாழ்வதுபோல. ஓவியாவின் தலை தானாக உயர்ந்து, எதன்மேலோ அமர்ந்தது.

"எட்டு. ஒம்பது."

"அக்கா, கம்." தூக்கத்திலேயே ஓவியா. "ஷி மேட் ரூம் ஃபார் யூ."

எழுந்து ஓட வேண்டும். தங்கையைப் பிடுங்க வேண்டும். கால் எங்கே இருந்தது?

"பன்னெண்டு. பதி..."

வெள்ளை. இமைக்குள் அதே வெள்ளை. முழுக்க மூடவில்லை. ஒரு கீற்று மட்டும். அந்தக் கீற்றில் மாடம், போனின் வெளிச்சம், அதில் அம்மாவின் சின்ன முகம். வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு தலை குனிந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை வாராத, சடை பிடித்த, பெரிய தலை. கேமராவுக்குப் பக்கவாட்டில், அம்மாவுக்குத் தெரியாத இடத்தில், போனிடம் வாயைக் கொண்டுபோனது.

"மாளு? ஏன் நிறுத்திட்ட? மாளு!"

மாளவிகா வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பதிமூணு," என்றது மாளவிகாவின் குரல், மாடத்திலிருந்து. "பதினாலு. பதினஞ்சு."

"ஆங், அப்படித்தான்டா கண்ணு," அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "நிறுத்தாத. எண்ணிட்டே இரு."

"பதினாறு. பதினேழு."