வாசுவின் தட்டை யாரும் பார்க்கக் கூடாது

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாசுவுக்குச் சோறு ஊட்டுவது வீட்டு வேலை அல்ல. ஊர் வேலை.

வாசுவுக்கு நாலு வயது. அம்மா தனலெட்சுமி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்துப் பக்கம் வேலியோரமாக நிற்பார். ரயில் வந்தால் வாசு வாயைப் பிளப்பான். அந்த நொடியில் ஓர் உருண்டையை உள்ளே தள்ளிவிட வேண்டும். ரயில் தாமதமானால் சோறும் தாமதம். கிள்ளானிலிருந்து வரும் சரக்கு ரயில் நீளமானது. அது வந்தால் மட்டும் ஒரு வாய் கூடுதல்.

பக்கத்து வீட்டு ஆன்டி தட்டைத் தட்டித் தாளம் போடுவார். எதிர்வீட்டு அங்கிள் குரங்கு மாதிரி குதிப்பார். குதித்துக் குதித்து அவருடைய தொப்பை கரைந்துவிட்டது. வாசுவுக்குத்தான் சதை பிடிக்கவில்லை.

வாசு துப்பியதையெல்லாம் தின்ற காகம் ஒன்று, பறக்க முடியாத அளவுக்குப் பருத்து, கடைசியில் பஸ் ஏறி பங்சாருக்குப் போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அது பொய். நடந்துதான் போனது.

1983-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அம்மா தட்டை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்தில் பூனை ஓடிவிட்டது.

"என்னால முடியல லா! பருப்பு, கேரட், கீரை, பூசணிக்காய், அத்தனையும் சத்து. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மசிச்சுக் கொடுக்கிறேன். இதைச் சாப்பிட இவனுக்கு என்ன கேடு?"

அப்பா சின்னையா வேலைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கிள்ளான்லேர்ந்து எங்க அக்கா வருது. அக்கா பார்த்துக்கும். பத்து நிமிஷத்துல தட்டு காலி."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த புஷ்பவல்லியின் பென்சில் அப்படியே நின்றது. அவள் வாசுவின் அக்கா. பத்து வயது.

நல்லம்மாள் அத்தை 'பார்த்துக்கொள்ளும்' விதம் அவளுக்குத் தெரியும். முதலில் மூக்கைப் பிடிப்பார். மூச்சு விட வாய் திறக்கும். திறந்த வாயில் சோறு போகும். அழுதால் இன்னும் வசதி. வாய் பெரிதாகத் திறக்கும். ஆறு வயதில் புஷ்பாவுக்கு இப்படித்தான் பாகற்காய் ஊட்டினார். அன்றிலிருந்து நகரத்தின் மறுகோடியில், செந்தூலில் யாராவது பாகற்காய் நறுக்கினால் பிரிக்பீல்ட்ஸில் புஷ்பாவுக்குக் குமட்டும்.

"அத்தை வேணாம்பா. அவன் பயந்துடுவான்."

"அப்ப நீயே ஊட்டு!" என்றார் அம்மா கோபமாக.

புஷ்பா ஊட்டினாள். பாட்டுப் பாடினாள். வாசு உதட்டைப் பூட்டிக்கொண்டான். கரண்டியை ஆகாய விமானமாக்கினாள். விமானம் இறங்க இடமில்லாமல் அவள் பாவாடையிலேயே விழுந்தது.

"போடா! பட்டினி கிட!"

கத்திவிட்டு, தனக்குச் சோறு போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஏதோ ஊர்ந்தது. ஒரு சின்னக் கை அவள் தட்டிலிருந்து கேரட் துண்டு ஒன்றை எடுத்தது. வாசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். நக்கினான். கடித்தான்.

"அம்மா! வாசு கேரட் சாப்பிடுறான்!"

அம்மா ஓடி வந்தார். அப்பா ஓடி வந்தார். எதிர்வீட்டு அங்கிள் யாரும் கூப்பிடாமலே குதித்துக்கொண்டு வந்தார்.

"இன்னொரு கடி! என் ராஜா இல்ல! இன்னும் ஒரே ஒரு கடி!"

வாசு எல்லார் முகத்தையும் பார்த்தான். கேரட்டைத் துப்பினான்.

புஷ்பாவுக்கு எரிச்சல் பொங்கியது. இந்த முறை வாசு மேல் அல்ல. 'இத்தனை பேர் என் வாயைப் பார்த்தால் நானும்தான் துப்புவேன்' என்று நினைத்தாள்.

சனிக்கிழமை அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது சோதித்துப் பார்த்தாள். சோறு ஒரு பக்கம், கேரட் ஒரு பக்கம். எதையும் மசிக்கவில்லை. தட்டை வாசு முன்னால் வைத்துவிட்டு, தன் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். கூரையில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். கழுத்து சுளுக்கிக்கொண்டது. கடைசியில் குனிந்தபோது வாசுவின் கேரட்டைக் காணோம். சோற்றில் ஒரு குழி. அவன் மூக்கில் ஒரு பருக்கை.

அம்மாவிடம் சொன்னாள்.

"பார்க்காம இருந்தா எப்படி?" என்றார் அம்மா. "எவ்வளவு சாப்பிட்டான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம்மா. நாளைக்கு ஒரு வேளை மட்டும். யாரும் ஊட்டக் கூடாது, பார்க்கக் கூடாது, பாராட்டக் கூடாது. அப்பவும் சாப்பிடலேன்னா, அத்தை மூக்கைப் பிடிக்கட்டும்."

அம்மா அரைமனதாகத் தலையாட்டி, அப்பாவிடமும் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிறுத்தத்திலிருந்து அப்பா கூட்டிவர, நல்லம்மாள் அத்தை ஆள் உயரப் பையோடு வந்து சேர்ந்தார். வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எங்கே அந்தப் பய?"

'அந்தப் பய' அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தான்.

"முதல்ல நாம சாப்பிடலாம் அத்தை," என்றாள் புஷ்பா. "ஆமா, பஸ்ல கண்டக்டர் உங்ககிட்ட சண்டை போட்டாராமே? அப்பா சொன்னாரு."

இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"என் பைக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னான் புஷ்பா! பைக்கு! அது என்ன சீட்லயா உக்காந்துச்சு?"

எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சோறு, மீன் பொரியல், கேரட், வடை. வாசுவின் தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. மீனில் முள் எடுத்திருந்தது. அத்தையின் சண்டை கிள்ளானில் கிளம்பி ஷா ஆலம் வந்தபோது, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து வாசு வந்தான். சண்டை பெட்டாலிங் ஜெயாவைத் தொட்டபோது தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

அம்மாவின் கண் மெல்லத் திரும்பியது. புஷ்பா முழங்காலால் இடித்தாள். அப்பா தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியை முறைத்தார். அவர் முறைத்த முறைப்பில் அது வெட்கப்பட்டு மெதுவாகச் சுற்றியது.

வாசு மீனை எடுத்தான். கடித்தான். மென்றான்.

அத்தை பார்த்துவிட்டார்.

"அடேய்! நீ..."

புஷ்பா யோசிக்கவில்லை. ஒரு முழு வடையை அத்தையின் வாயில் திணித்தாள்.

அத்தையின் கண்கள் பிதுங்கின. பாதி வடையைக் கையில் எடுத்துக்கொண்டு சீறினார். "ஏன்டி, நான் கேட்டேனா? கேக்காம வாயில திணிக்கிறியே! மூச்சு முட்டுது எனக்கு!"

"ஆமா அத்தை," என்றாள் புஷ்பா. "அப்படித்தான் இருக்கும்."

அத்தை வடையை மெதுவாக மென்றார். புஷ்பாவையும் பார்க்கவில்லை, வாசுவையும் பார்க்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்தபடி, கொஞ்சம் இறங்கிய குரலில், "...அப்புறம் அந்தக் கண்டக்டர் என்ன பண்ணான் தெரியுமா?" என்று தொடர்ந்தார்.

வாசு தட்டைத் தள்ளினான். அதில் பாதி மீனும் கொஞ்சம் சோறும் மிச்சம்.

"போதும்."

மூன்று பெரிய கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. அம்மாவின் கைதான் அதிக தூரம் வந்தது. சோற்றை உருட்டக்கூட ஆரம்பித்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு வா..."

புஷ்பா கூரையில் பல்லியைத் தேடினாள்.

அம்மா உருண்டையைத் தட்டிலேயே போட்டார். "சரி. போய்க் கையைக் கழுவு."

வாசுவால் நம்ப முடியவில்லை. வாசல்வரை ஓடினான். நின்று திரும்பிப் பார்த்தான். யாரும் துரத்தவில்லை. ரொம்பவும் ஏமாந்துபோய், குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அத்தையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

"அத்தை, அந்தப் பை கடைசியில டிக்கெட் எடுத்துச்சா?"

"பார்த்தியா, கேக்கிறான்!" அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவனை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, சண்டையை மறுபடியும் கிள்ளானிலிருந்து ஆரம்பித்தார்.

இது முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்த அம்மா, நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, தனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.