ஆறு பத்து பேருந்து

"இதுல சிவப்பு மையில எழுதினது நீங்கதானே?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளியின் சுகாதார அறை வாசலில் ஒருவன் நின்றிருந்தான். பேருந்து ஓட்டுநரின் சாம்பல் நிறச் சீருடை, தோள்வரை நனைந்து கறுத்திருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது... அவன் கையிலிருந்த படிவம் மட்டும் நனையவில்லை.

"ஆமா. ரத்தப் பரிசோதனைக்குப் பெற்றோர் கையெழுத்து வேணும். அதான்..."

"மூணு தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க. மூணு தடவையும் 'பெற்றோர் கையொப்பம் இல்லை'. என் தங்கச்சி கிளாஸ்ல அதைச் சத்தமா வாசிச்சுக் கொடுத்திருக்காங்க."

"ரூல்ஸ் அப்படி சார். கையெழுத்து இல்லாம நாங்க எப்படி..."

"அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. அப்பா அதுக்கும் முன்னாடி. கையெழுத்து வாங்க எங்க போகட்டும்? நீங்களே வழி சொல்லுங்க மேடம். பஸ் நம்மகிட்டதான் இருக்கு."

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

அவன் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகினான். "இனிமே அவ இந்த ரூமுக்கு வரமாட்டா." போய்விட்டான்.

கோபமான கண்களாக இருந்திருந்தால் மறந்திருப்பாள். அவை பல நாள் தூங்காத கண்கள்... அவன் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன.

அலுவலகப் பதிவேட்டில் எல்லாம் எழுதியிருந்தது. பெற்றோர் இல்லை. பாதுகாவலர் அண்ணன், ஓட்டுநர், முதல் நடை காலை ஆறு பத்து. பாதுகாவலர் கையெழுத்தே போதும்; நர்ஸ்தான் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலையில் இமைகள் வீங்கி வருகிறாள், ரத்த அழுத்தம் அந்த வயதுக்கு அதிகம்... அதைக் கவனித்தவளுக்கு, அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மேசை இழுப்பறையில் மேலிடத்துக் கடிதம் வேறு கிடந்தது. பெற்றோரும் மாணவரும் சேர்ந்த சுகாதாரக் குழு மாத முடிவுக்குள் அமையாவிட்டால் சுகாதார அறை மூடப்படும். இரண்டு முறை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டாள். முதல் முறை யாரும் வரவில்லை. இரண்டாம் முறை ஒரு தகப்பன் வந்தார், வேறு அறையைத் தேடிக்கொண்டு. நாற்பது நாற்காலிகளைத் தனியாக மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவன் பேருந்தில் ஏறினாள்.

"நான் அப்படி எழுதினதுக்கு..."

"ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட பேசக் கூடாது. போர்டைப் பாருங்க."

"வண்டி இன்னும் எடுக்கவே இல்லையே..."

அவன் எடுத்துவிட்டான். அவள் தடுமாறி முதல் இருக்கையில் விழுந்தாள். பக்கத்தில் இருந்த பருத்த பெண் சிரித்தாள்.

"ஸ்கூல் நர்ஸம்மாதானே? என் பொண்ணு சொல்லியிருக்கா. சிடுமூஞ்சின்னு."

"உங்க பொண்ணு நம்ம ஸ்கூலா?"

"என் பொண்ணு மட்டுமா? திரும்பிப் பாருங்க. தையல் ஃபேக்டரி முழுக்க உங்க ஸ்கூல் அம்மாக்கள்தான்."

திரும்பிப் பார்த்தாள். மழைக் கோட்டுகள், சாப்பாட்டுப் பைகள், ஜன்னலில் சாய்ந்த அரைத் தூக்கங்கள்...

"அப்புறம் ஏன் கூட்டத்துக்கு யாரும் வரலை?"

"பதினொரு மணிக்கு மெஷினை விட்டுட்டு வந்தா, சூப்பர்வைசர் மாலை போட்டு அனுப்புவாரா? கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துக்கிறீங்களே... நாங்க இருக்கற இடத்துக்கு நீங்க ஒரு நாள் வந்தீங்களா?"

அவள் பார்வை மடிக்கு இறங்கியது. தலையை நிமிர்த்தியபோது, ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்தக் கண்கள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தன... சட்டென்று சாலைக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகு தினமும் ஏறினாள். ஒருத்தி கைக்குழந்தையின் இருமல் பற்றிக் கேட்டாள். ஒருத்தி மகன் யாரிடமும் பேசுவதே இல்லை என்று அழுதாள். அவன் மட்டும் அவளிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள், அவள் ஏறுவதற்கு முன்பே முதல் இருக்கையில் ஒரு பழைய துணிப்பை கிடந்தது. அவள் வந்ததும் எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டான். இடம் பிடித்து வைத்திருக்கிறான்... அவளுக்கு ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"என்ன டிரைவர் தம்பி, இப்பல்லாம் கண்ணாடியை ரொம்பப் பாக்குறீங்க?" என்றாள் பருத்த பெண். "பின்னால வண்டி ஏதாவது முட்டுதா?"

"முட்டினா சொல்றேன்க்கா. நீங்க தூங்குங்க."

"தூங்கவா? இதை விட்டா எனக்கு வேற பொழுதுபோக்கு ஏது?"

பேருந்தே சிரித்தது. அவன் காது மடல் சிவந்தது.

கூட்டத்தைப் பேருந்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்தான் சொன்னாள். ஃபேக்டரி வாசலில் வண்டி இருபது நிமிடம் நிற்கும். கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. பத்தாம் நாள், இருக்கைகள் நிறைந்து நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில், குழுவுக்கு எட்டுத் தாய்மார்கள் பெயர் கொடுத்தார்கள். மாணவர் பக்கம் அவன் தங்கை வந்திருந்தாள், இரண்டு தோழிகளோடு. அண்ணன் 'வாலு' என்று கூப்பிடும் மெலிந்த பெண். அன்றும் இமைகள் வீங்கியிருந்தன.

"அந்த ரூம்ல மாத்திரை இருக்கு, படுக்கை இருக்கு. ஆனா நாங்க வரமாட்டோம்," என்றாள். "எதுக்கு வந்தோம்னு அடுத்த பீரியட்ல கிளாஸுக்கே தெரிஞ்சுடுது. முதல்ல அதை நிறுத்துங்க."

நர்ஸ் தலை குனிந்து எழுதிக்கொண்டாள். இனிப் படிவங்கள் உறையில் ஒட்டித்தான் போகும்.

"அப்புறம்... என் படிவத்துல இன்னும் கையெழுத்து இல்ல. அண்ணன் கோபம்னு சொல்லுது. அது கோபம் இல்ல. பயம்."

எல்லாத் தலைகளும் முன்பக்கம் திரும்பின. அவன் கதவைத் திறந்து மழையில் இறங்கிவிட்டான்.

அவளும் இறங்கினாள். ஃபேக்டரிச் சுவரோரம் நின்றிருந்தான்.

"அம்மாவுக்கும் இப்படித்தான். முகம் வீங்கும். களைப்புன்னு சொல்லுவாங்க," என்றான். "அப்புறம் டெஸ்ட் எடுத்தாங்க. கிட்னின்னாங்க. பதினாறே நாள். டெஸ்ட் எடுக்கற வரைக்கும் எங்க வீட்ல சமைச்சுக்கிட்டு இருந்தவங்க மேடம்..."

"தெரியாம இருந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லைன்னு தெரியும். ஆனா கை வரமாட்டேங்குது."

பயப்படாதீர்கள் என்று சொல்ல நினைத்தாள். அது பொய். "ஒண்ணும் இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "கூட வர்றேன். அது மட்டும்தான் என்னால முடியும்."

சட்டைப்பைக்குள் கை விட்டான். படிவம் அன்று மடித்தபடியே இருந்தது. அவளுடைய முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட, அவள் திரும்பி நின்றாள். அவன் எழுதி முடிக்கும் வரை ஈரத் துணியின் வழியே பேனா முனை உறுத்தியது.

எட்டு நாள் கழித்து, ஒரு மதியம், மருத்துவமனை நடைக்கூடம். முதல் பரிசோதனை சரியில்லை. இன்னொன்றின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். தங்கை உள்ளே. வெளியே பெஞ்சில் இருவரும், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

"மேடம்..."

"ம்?"

"ரிசல்ட் நல்லபடியா வந்தா ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன்."

"வரட்டும். அப்புறம் சொல்லுங்க."

"இல்ல... நல்லது நடந்தாத்தான் சொல்லுவேன்னா அதுல என்ன இருக்கு?" அவன் பார்வை தரையிலேயே இருந்தது. "உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது.

அம்மாவுக்கு வந்த அதே நோய். ஆனால் தொடக்கம், என்றார் டாக்டர். முழுதாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது. கட்டுப்படுத்தலாம். வருடக்கணக்கில் மருந்து, மாதாமாதம் பரிசோதனை. தங்கைதான் மருந்துச் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு மாத்திரை தின்னா சோத்துக்கு இடம் ஏதுண்ணா?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

தங்கை மருந்து வாங்க வரிசையில் நின்றாள். வெளியே தாழ்வாரத்தில் மழையைப் பார்த்தபடி அவன் சொன்னான். "உள்ள போறதுக்கு முன்னாடி சொன்னதை மறந்துடுங்க மேடம். இனிமே எங்களுக்கு ஆஸ்பத்திரிதான் வீடு. இதுக்குள்ள உங்களை இழுக்கறது..."

கூரை விளிம்பில் ஒவ்வொரு துளியும் தயங்கித் தயங்கி விழுந்தது. அவன் அவளுடைய மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டு தலையசைத்தான்.

"என்னைக் கேக்காம சொன்னீங்க," என்றாள் அவள். "என்னைக் கேக்காமலே திரும்ப வாங்கிக்கறீங்க. நான் எப்போ பேசறது?"

அவன் திரும்பினான்.

"மன்னிப்பு கேக்கத்தான் உங்க பஸ்ல ஏறினேன். அதுக்கு ஒரு நாள் போதும். குழுவுக்குப் பத்து நாள் ஆச்சு, சரி. குழு அமைஞ்ச பிறகும் விடியக்காலையில எந்திரிச்சு ஓடி வர்றேனே... அது எந்த வேலைக்குன்னு நினைச்சீங்க?" அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வாலு நல்லாயிருப்பாளான்னு தெரியல. நாம நல்லாயிருப்போமான்னும் தெரியல. ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு. இதை மறக்கச் சொன்னா நான் கேக்கமாட்டேன்."

மழை குறையவில்லை. தூக்கமில்லாத அவன் கண்கள், முதல் தடவையாக, விலகிப் போகாமல் அவள் மேலேயே நின்றன.